பாத்திஸ்ரி: தமிழில் என்ன சொல்வது?

சுங்கை சிப்புட் கடைவீதியில் ஒரு பிரெஞ்சுப் பலகாரக் கடை திறந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை அம்மாவை அழைத்துப் போனேன். முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 'Pâtisserie' என்றிருந்த பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பத்தி... சேரியா? புதுச்சேரி மாதிரி ஊர்ப் பேராப்பா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். புதுச்சேரியில் உள்ள 'சேரி' மக்கள் சேர்ந்து வாழும் இடம். பிரெஞ்சுச் சொல்லின் கடைசியில் வருவது தொழிலையும் அது நடக்கும் இடத்தையும் குறிக்கும் விகுதி. ரொட்டிக் கடையைக் குறிக்கும் 'பூலாஞ்ஜ்ரி'யிலும் அதே விகுதி வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அம்மா படித்த சொல் 'பாத்திஸ்ரி' என்று ஒலிக்கும்.

சொல்லின் வேர் 'பாத்'. பிசைந்த மாவு என்று பொருள். கிரேக்கத்தில் வாற்கோதுமைக் கூழைக் குறித்த 'பாஸ்தா' என்ற சொல் இலத்தீனுக்குப் போய் மாவு ஆனது. பழைய பிரெஞ்சில் 'பாஸ்த்' ஆகி, நடுவில் இருந்த 'ஸ்' பிறகு உதிர்ந்துபோனது. இத்தாலியப் பாஸ்தா, நாம் சொல்லும் பேஸ்ட்ரி, பல் துலக்கும் பேஸ்ட் எல்லாம் இந்த ஒரே குடும்பம்தான். நம்முடைய 'பசை'யையும் இதில் சேர்க்க ஆசை வரும். சேர்க்கக் கூடாது, ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மலேசியாவில் நாம் கேக்கை 'அணிச்சல்' என்கிறோம். அழகான சொல், ஆனால் அது கேக்கோடு நின்றுவிடும். பாத்திஸ்ரி என்பது பண்டத்தையும் குறிக்கும், செய்யும் கலையையும் குறிக்கும், விற்கும் கடையையும் குறிக்கும். 'அடுமனை' என்றால் ரொட்டி சுடும் பேக்கரிதான் நினைவுக்கு வருகிறது.

நான் சங்க நூலான மதுரைக்காஞ்சிக்குப் போவேன். மதுரைத் தெருக்களில் 'பல்வேறு பண்ணியம்' சுமந்து திரிந்து விற்பவர்கள் அதில் வருகிறார்கள். பண்ணியம் என்றால் பலகாரம். இரவுக் காட்சியில் 'கூவியர்' வருகிறார்கள், கடையில் இருந்தபடியே தூங்குகிறார்கள். கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்பவர். சிலப்பதிகாரத்திலும் புகார் நகரத்து வணிகர்களோடு அவர்கள் இருக்கிறார்கள். ஆக, பாத்திஸ்ரி வைத்திருப்பவருக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டு அளவுக்குப் பழைய பெயர் இருக்கிறது. நாம்தான் அதைப் புழங்காமல் விட்டுவிட்டோம்.

அதே மதுரைக்காஞ்சியில் 'நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை' என்று ஓர் அடி வருகிறது: நல்ல வரிகளையுடைய தேன்கூட்டைப் போன்ற மெல்லிய அடை. அன்று நாங்கள் 9 வெள்ளிக்கு வாங்கிய குரோசான் என்ற அடுக்கு ரொட்டியைக் கத்தியால் குறுக்கே வெட்டியதும் எனக்கு இந்த அடிதான் நினைவுக்கு வந்தது. மாவுக்குள் வெண்ணெயை வைத்து, மும்மடிப்பாக மடித்துத் தேய்ப்பார்கள். இப்படி மூன்று தடவை செய்தால் வெண்ணெய் 27 அடுக்காகிவிடும். அடுப்பில் வெண்ணெயில் உள்ள ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிவிடும். நன்றாக வந்தால் உள்ளே அப்படியே தேன்கூடு! ரொட்டி சானாய் வீசுகிறவர்களுக்கு இந்த அடுக்கின் அருமை தெரியும்.

அதனால் என் பரிந்துரை: பண்டத்துக்குப் பண்ணியம், கடைக்குப் பண்ணியக் கடை, செய்பவருக்குக் கூவியர். பலகாரக் கடை என்றாலும் தப்பில்லை, ஆனால் முறுக்கும் அதிரசமும் முன்னால் வந்து நிற்கும்.

குரோசானை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'வளர்வது' என்று பொருள், அதிலிருந்து பிறைக்குப் பெயரானது. தமிழிலோ வளர்பிறை ஏற்கெனவே இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்புறம் என்ன, பிறை ரொட்டின்னே சொல்லேன்" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.