வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள்

அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் அமஷோவா சைக்கிள் பந்தயம் வந்துவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டருக்கும் சாலையோரத்தில் கேமராக்கள் முளைத்துவிடும். இன்சாங்கா மேட்டிலும் டிரம்மண்டிலும் போத்தாஸ் ஹில்லிலும் அண்ணனையோ மகளையோ படமெடுக்க வந்த நம் குடும்பங்கள் கையில் ஃபோனோடும் புது லென்ஸோடும் நிற்கும். அவர்கள் கேமராவில் எந்த அமைப்பை வைத்து எடுக்கிறார்கள் என்பதைவிட எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குக் கவலை.

காவடிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே படமெடுத்துப் பழகியவர்கள் நாம். காவடி எடுப்பவர் நடந்து வருகிறார், வழிவிட ஆட்கள் இருக்கிறார்கள், நாம் இடறி விழுந்தாலும் ஊர்வலம் ஒரு கணம் நிற்கும். சைக்கிள் நிற்காது. இறக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறவர் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறார். நீங்கள் காலை எடுத்து வைப்பதை அவர் கண்டு, விரல் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கும் தூரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உலகின் பெரிய பந்தயத்திலேயே இது நடந்திருக்கிறது. 1994 டூர் டி பிரான்ஸில், அர்மாந்தியேர் நகரின் முடிவுக்கோட்டருகே காவலுக்கு நின்ற ஒருவர் படமெடுக்கத் தடுப்பிலிருந்து சற்றே முன்னால் வந்தார். முழு வேகத்தில் வந்த நெலிசன் அவர்மேல் மோதினார், பின்னால் வந்த ஜலபேருக்கு முகத்தில் பலத்த காயம். 1999இல் ஆல்ப் துவேஸ் மலையில் தனியாக முன்னே ஏறிக்கொண்டிருந்த குவெரினியை, படமெடுக்கச் சாலைக்குள் வந்த ரசிகர் ஒருவர் கீழே தள்ளிவிட்டார். குவெரினி எழுந்து ஓட்டி வென்றது அவருடைய நல்ல காலம். அதே மலையில் 2018இல் நிபாலி விழுந்ததற்கு, ஒரு பார்வையாளரின் கேமரா வார் கைப்பிடியில் சிக்கியதே காரணம் என்று சொல்லப்பட்டது. முதுகெலும்பில் முறிவோடு அவர் பந்தயத்தை விட்டு விலகினார். படமெடுத்தவர்களில் யாரும் கெடுதல் நினைத்தவர் இல்லை. இந்த ஆபத்தில் பயமுறுத்துவது அதுதான்.

சரி, எங்கே நிற்பது? சாலை மூடப்பட்ட பந்தயத்தில் ஓட்டுபவர் இடப்பக்கத்தோடு நிற்பதில்லை. வளைவுக்குள் நுழையும்போது வெளி ஓரத்தில் இருப்பார், நடு வளைவில் உள் ஓரத்தை உரசிக்கொண்டு போவார், வெளியேறும்போது மறுபடி வெளி ஓரத்துக்கு விரிந்துவிடுவார். சக்கரம் வழுக்கினால் உடம்பும் சைக்கிளும் அந்த வெளி ஓரத்துக்கே நேராகச் சறுக்கிப்போகும். எனவே வளைவின் வெளிப்பக்கம், அதிலும் வெளியேறும் முனை, எவ்வளவு அழகான பின்னணி இருந்தாலும் கூடவே கூடாத இடம். உள்பக்கம்தான் சரி. ஆனால் அங்கேயும் நடு வளைவில் ஓரத்தை ஒட்டி நின்றால் முழங்கை உங்கள் லென்ஸில் இடிக்கும். உள்பக்கத்தில், நடு வளைவுக்குச் சற்று முன்னால், சாலையை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, முடிந்தால் மேட்டின் மேல் நில்லுங்கள். அந்த இடத்தில் ஓட்டுபவர் எதிர் ஓரத்தில் இருப்பார், உடம்பைச் சாய்த்து உங்களை நோக்கித் திரும்புவார். பாதுகாப்பான இடமே நல்ல படமும் தரும் இடமாக அமைவது இந்தத் தொழிலில் அபூர்வம், அதை விட்டுவிடாதீர்கள்.

மழை பெய்திருந்தால் எல்லாத் தூரத்தையும் இரட்டிப்பாக்குங்கள். சாலையில் பூசிய வெள்ளைக்கோடு ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும்.

அகலக் கோண லென்ஸ் இன்னொரு வகையில் ஏமாற்றும். 24 எம்எம்மில் பார்த்தால் 3 மீட்டரில் இருப்பவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுவார். ‘இன்னும் கொஞ்சம்’ என்று கால் தானாகச் சாலைக்குள் போகும். ஒரு கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால் மறு கண்ணையும் திறந்தே வையுங்கள், நிற்கும் எல்லையை ஒரு கல்லாலோ சாக்பீஸ் கோட்டாலோ குறித்து, அதைத் தாண்டுவதில்லை என்று முடிவெடுங்கள். கேமரா வாரைத் தோளில் தொங்கவிடாமல் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முக்காலியும் பையும் சாலையோரத்தில் வேண்டாம்.

சைக்கிள் கூட்டம் போய்விட்டது என்று சாலையைக் கடப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். முன்னணிக் குழுவுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் சாலை வெறிச்சோடிக் கிடக்கும், அப்புறம் தனியாக ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு வருவார். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, எதிர்க்காற்றில் சுத்தமாகக் கேட்காது. கடைசி வாகனம் கடக்கும்வரை இருந்த பக்கமே இருங்கள். தெரிந்தவர் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்ட மனம் துடிக்கும். முன்னே போகிறவரின் சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் ஓட்டிக்கொண்டிருப்பவர் உங்கள் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அவர் தாண்டிப் போன பிறகு கத்துங்கள், கேட்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பார்த்தால் டர்பன் தென்கிழக்கில் இருக்கிறது. காலைச் சூரியன் ஓட்டுபவரின் முகத்தில் விழும், எதிரே நிற்கும் உங்களுக்கு முதுகில் விழும். முகம் தெளிவாக வர இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆனால் அதே சூரியன் அவர் கண்ணைக் கூசச் செய்கிறது, சாலையோரத்தில் நிற்கும் உங்களை அவருக்குச் சரியாகத் தெரியாது. பளிச்சென்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட் நிழலில் கண் கறுத்துப்போகாமல் இருக்க படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +0.7 வரை கூட்டலாம். 1978 முதல் நடக்கும் கேப் டவுன் சைக்கிள் டூரில் நிலைமை வேறு: 109 கிலோமீட்டரில் சாப்மன்ஸ் பீக் பகுதி மேற்கைப் பார்த்தது, காலையில் மலை நிழல் விழும். அங்கே சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 400இலிருந்து 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும். காற்றையும் மறக்காதீர்கள். 2017இல் அந்தப் பந்தயத்தையே காற்றுக்காக நிறுத்தினார்கள்.

இனி ஷட்டர். 1/2000 நொடியில் எடுத்தால் ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக உறைந்து, நிறுத்தி வைத்த சைக்கிளில் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். எதிரே வருகிறவருக்கு 1/800 போதும். பக்கவாட்டில் எடுக்கும்போது கேமராவை அவரோடு சேர்த்துத் திருப்பும் பேனிங்தான் வேகத்தைக் காட்டும். எல்லோரும் 1/60 என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள், அது பாதி உண்மை. சமதரையில் 50 கிலோமீட்டரில் போகிறவர் 1/60 நொடியில் சுமார் 23 செண்டிமீட்டர் நகர்கிறார், பின்னணி நன்றாக இழுபடும். இன்சாங்கா ஏற்றத்தில் 15 கிலோமீட்டரில் போகிறவர் அதே நேரத்தில் 7 செண்டிமீட்டர்தான் நகர்கிறார், பின்னணி இழுபடாமல் கலங்கலாகவே நிற்கும். அதே இழுவை வேண்டுமென்றால் 1/20க்கு இறங்க வேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பவரின் தலை இடமும் வலமும் ஆடும், 1/20இல் அது தேறாது. உட்கார்ந்து மிதிப்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

கால்களை ஓட்டுபவர் உங்களுக்கு நேராக வரும் இடத்தை நோக்கிப் பதித்துவிட்டு, இடுப்பிலிருந்து மேல் உடம்பை மட்டும் திருப்பி அவரை வரவேற்று, கடந்த பிறகும் திருப்பத்தை நிறுத்தாமல் தொடருங்கள். பட்டனை அழுத்தியதும் கை நின்றுவிடுவதுதான் பத்தில் எட்டுப் படம் கெடுவதற்குக் காரணம். லென்ஸில் அதிர்வுத் தடுப்புக்கு இரண்டாம் நிலை இருந்தால் அதில் வையுங்கள், முதல் நிலை உங்கள் திருப்பத்தோடு சண்டை போடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/8 என்றால் ஷட்டர் 1/400 கேட்கும். 1/50க்கு இறங்க மூன்று படி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி8 ஃபில்டர் போடுங்கள். அதற்குப் பதிலாக எஃப்/22க்கு மூடினால் படம் மொத்தமும் மழுங்கும், சென்சாரில் உள்ள தூசிப்புள்ளி எல்லாம் வானத்தில் தெரியும். சானி டூ சீ, கேப் எபிக் போன்ற மண்பாதைப் பந்தயங்களுக்குப் போகிறவர்கள் அந்தப் புழுதியில் லென்ஸ் மாற்றவே கூடாது. இரண்டு கேமரா இல்லையென்றால் ஒரே லென்ஸோடு நாளை முடியுங்கள்.

ஃபோகஸைத் தொடர் நிலையில் வைத்து முகத்தில் பிடியுங்கள். முழு ஃபிரேம் கேமராவில் 200 எம்எம், எஃப்/2.8, 10 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 40 செண்டிமீட்டர்தான். ஃபோகஸ் முன்சக்கரத்தில் உட்கார்ந்தால் முகம் போய்விடும். எஃப்/5.6க்கு மூடினால் ஆழம் இரட்டிப்பாகும். போத்தாஸ் ஹில் பக்கம் மூடுபனி இறங்கினால் ஃபோகஸ் தேடித் தேடித் தவிக்கும், சாலையில் ஓர் இடத்தில் முன்கூட்டியே பிடித்து வைத்து அங்கே வரும்போது அழுத்துங்கள்.

ஃபிளாஷ், விடியுமுன் தொடக்கக்கோட்டில் நிற்பவர்களுக்கு மட்டும். ஓட்டுகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள்.

டிரோன் வைத்திருப்பவர்களுக்கு: ஆட்களுக்கோ கூட்டத்துக்கோ 50 மீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது என்பது இந்நாட்டு விமானப் போக்குவரத்து விதி, சாலைப் பந்தயமும் அதில் அடக்கம். இறக்கத்தில் ஒரு பேட்டரி செயலிழந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

எடுத்த படத்தை விற்கிறவர்கள் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும், 2021 ஜூலை முதல் அது முழு அமலில் இருக்கிறது. முகமும் நம்பர் அட்டையும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். குழந்தைகள் பந்தயமென்றால் பெற்றோரிடம் கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள். ஒருவர் விழுந்து கிடந்தால் கேமராவை இறக்கிவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்குக் கையை உயர்த்தி எச்சரியுங்கள். அந்தப் படத்தை அவர் மனைவி வாட்ஸ்அப்பில் முதலில் பார்க்கும் நிலை வரவே கூடாது.

இன்னொன்று, புறப்படும் முன்னிரவில் செய்ய வேண்டியது. கேமராவின் கடிகாரத்தைப் பந்தய நேரத்தோடு நொடிக்கு நொடி ஒத்திசையுங்கள். நம்பர் தெரியாத படத்தில் யார் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது ஓட்டுபவர் அந்த இடத்தைக் கடந்த நேரத்தை வைத்துத்தான். இரண்டு கேமராக்கள் இரண்டு நிமிட வித்தியாசத்தில் ஓடினால் ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் திருத்த வேண்டியிருக்கும், பேட்டரியைச் சார்ஜில் போடும்போதே இதையும் முடித்துவிடுங்கள்.