மடியில் வைத்தால் பத்திரம் என்று யார் சொன்னது?

டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கேசுவல்டிக்கு (மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு) யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வெயிலில் சுருண்டு வாந்தியெடுக்கும் குழந்தை வரும். ஜம்பிங் காசிலில் (காற்றடைத்த குதிக்கும் கோட்டையில்) மோதிப் பல்லை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பி வருவார்கள். அப்புறம், காலை ஊன்றவே மாட்டேன் என்று அழும் ஒன்றரை வயதுக் குழந்தை, அதைத் தூக்கிக்கொண்டு முகம் வெளுத்துப்போன ஓர் அப்பா. "மடியிலதான் டாக்டர் வச்சிருந்தேன். கீழகூட விழல" என்பார். போன வாரமும் அதே வசனம், அதே எக்ஸ்ரே. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

விழவில்லை என்பது உண்மைதான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில் சறுக்கியதால்தான் கால் உடைந்தது.

இதை நம்ப மறுப்பவர்களே அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை சறுக்குமரத்தில் தனியாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஷூ பக்கச் சுவரில் உரசி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? குழந்தையின் எடை பத்துப் பதினோரு கிலோ. அது அப்படியே நின்றுவிடும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாகத் திரும்பும், அழும், அவ்வளவுதான். இப்போது அதே குழந்தை எண்பது கிலோ அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. ஷூ அதே இடத்தில் ஒட்டுகிறது. அப்பா நிற்கமாட்டார், நிற்கவும் முடியாது. பாதம் மேலேயே நின்றுவிட, உடம்பும் அப்பாவுமாகத் தொண்ணூறு கிலோ கீழே போகிறது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் எலும்பைச் சுற்றிச் சாய்வாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்ததுமே "சறுக்குமரமா?" என்று கேட்டுவிடுவோம். பெற்றோர் ஆச்சரியப்படுவார்கள்.

"இறுக்கிப் பிடிச்சிருந்தேனே?" என்பது அடுத்த கேள்வி. இடுப்பைப் பிடித்திருப்பீர்கள். பாதத்தை யார் பிடித்தது?

"மெதுவாகத்தான் போனோம்" என்பார்கள். வேகமே தேவையில்லை. வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் சின்னச் சறுக்குமரமே போதும். கேளிக்கைப் பூங்காவில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம், அங்கே சறுக்கு நீளம், பின்னால் வரிசை நிற்கிறது, அத்தை கீழே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இங்க பாரு, இங்க பாரு" என்கிறாள். குழந்தையின் கால் எங்கே இருக்கிறது என்று யார் பார்ப்பது?

இது என் கற்பனையும் இல்லை, டர்பனில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 முதல் 2015 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 3,50,000-க்கும் மேற்பட்டவர்கள் சறுக்குமரத்தில் அடிபட்டிருக்கிறார்கள். அதில் 36 சதவீதம் எலும்பு முறிவு, பெரும்பாலும் கீழ்க்காலில். எல்லா வயதையும்விட அதிகமாக அடிபட்டது 12 முதல் 23 மாதக் குழந்தைகள். அந்த வயதில் குழந்தை பெரும்பாலும் தானாக ஏறிச் சறுக்குவதில்லை, பெரியவர்கள்தான் மடியில் வைத்து இறக்குகிறோம் என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் படியுங்கள்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று. தனியாக இறங்க முடியாத குழந்தைக்கு அந்தச் சறுக்கு வேண்டாம். சின்னச் சறுக்கில் தனியாக விடுங்கள். நீங்கள் தரையில், பக்கத்தில் நில்லுங்கள். பயந்தால் விடாதீர்கள், அடுத்த வருஷம் அதே சறுக்கு அங்கேயேதான் இருக்கும். வாட்டர் பார்க்கில் ரப்பர் படகில் குடும்பமாக இறங்கும் சறுக்குகள் உண்டு, அவற்றில் தனித்தனி இருக்கை இருக்கும். அங்கே எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள், குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்து மடிக்கு மாற்றாதீர்கள்.

மடி மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை சறுக்குமரத்தோடு முடிவதில்லை. ராட்டினங்களில் தொடைக்கு மேல் இறங்கும் இரும்புக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அது பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தலையணை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். வாசலில் உயரம் அளக்கும் கோலை வைத்திருப்பது அதற்காகத்தான். அந்தக் கோலின் கீழ் பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லும் பெற்றோரை, தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டு உயரம் காட்டும் அம்மாவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நுழைவுச்சீட்டுக் காசு வீணாகிறதாம். டிக்கெட் கொடுக்கும் பையனோடு சண்டை வேறு. அந்தப் பையன் உங்கள் பிள்ளைக்கு நல்லதுதான் செய்கிறான், விட்டுவிடுங்கள்.

ஜம்பிங் காசில் இல்லாமல் இங்கே ஒரு பிறந்தநாளும் நடப்பதில்லை. அதிலும் இதே கதைதான். பத்து வயது மாமா பையன் குதித்து இறங்கும் நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தை மேலே எழும்பினால், பெரியவனின் எடை முழுவதும் சின்னக் காலுக்குப் போகிறது. ஒரே அளவுப் பிள்ளைகளைச் சேர்த்து விடுங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே குதிக்கும் சித்தப்பாக்களுக்கு, தயவுசெய்து, வேண்டாம்.

இனி கார். கோல்ட் ரீஃப் சிட்டி கேளிக்கைப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 சாலையில் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். சுமார் 570 கிலோமீட்டர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும்போது எல்லாக் குழந்தையும் கார் சீட்டில்தான் இருக்கும். மூயி ரிவர் டோல் தாண்டியதும் அழுகை ஆரம்பிக்கும். ஆயா, அதாவது பாட்டி, கை நீட்டுவார், குழந்தை மடிக்கு வரும். வான் ரீனன் கணவாயில் மூடுபனி, லாரி, ஏற்றம், மடியில் குழந்தை. 2015 மே மாதம் முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கார் சீட்டில் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். மோதினால் மடி என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அழுதால் வண்டியை நிறுத்துங்கள், இறக்கி நடக்க விடுங்கள், மறுபடி சீட்டில் கட்டுங்கள். ஆயாக்களே, உங்கள் மனசு கேட்காது என்று தெரியும். இந்த ஒரு தடவை மனசைக் கேட்காமல் இருங்கள். பக்கியின் (பிக்கப் வண்டியின்) திறந்த பின்புறத்தில் பிள்ளைகளை ஏற்றுவோரிடம் பேசும் பொறுமை எனக்கு இல்லை.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. கையில் மாட்டும் காற்றுப்பைகள் விளையாட்டுச் சாமான், உயிர்காக்கும் சாமான் அல்ல. பன்னிரண்டு பெரியவர்கள் சுற்றி நிற்கும் குடும்பத்தில்தான் "நீ பார்க்கிறாய் என்று நினைத்தேன்" என்ற பேச்சு வரும். ஒரு நேரத்துக்கு ஒருவர், பெயர் சொல்லி. எழுந்து போனால் அடுத்தவரின் பெயரைச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகு போங்கள். பார்ப்பவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. நீந்தத் தெரியாத குழந்தை கைக்கெட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

வெயில்: "நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது தவறு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்ந்த காற்று வீசினாலும் வெயில் சுடும். தொப்பி, நிழல், அடிக்கடி தண்ணீர். அங்கே கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம், காலையிலேயே போய்விட்டு வாருங்கள். கூட்டத்தில் குழந்தை தொலையாமல் இருக்க, மணிக்கட்டில் உங்கள் செல்போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரு ரேண்ட் செலவில்லை.

சரி, சறுக்கில் இறங்கியதும் குழந்தை அழுகிறது, நிற்க வைத்தால் காலை மடக்கிக்கொள்கிறது. வீக்கம் இல்லை, காயம் இல்லை. "சுளுக்குதான்" என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணெய் வரும், நீவி விடுவார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், நீவாதீர்கள், இழுக்காதீர்கள். இந்த வகை முறிவில் வீக்கமே தெரியாமல் போகலாம். தவழும், ஆனால் நிற்காது என்றால் எலும்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். காலை ஒரு சுருட்டிய துண்டில் அசையாமல் வைத்து, எடைக்கேற்ற அளவு பனாடோ (பாராசிட்டமால்) சிரப் கொடுத்து, கொண்டுவாருங்கள். கால் வளைந்திருந்தால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். வயிறு நிறையப் பன்னி சௌ (குழம்பு நிரப்பிய ரொட்டி) ஊட்டிவிட்டுக் கூட்டிவந்து, ஏன் காத்திருக்கச் சொல்கிறீர்கள் என்று எங்களிடம் கோபப்படுகிறவர்கள் உண்டு. வண்டி இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்துப் புது எலும்பு வளரும்போதுதான் கோடு தெளிவாகும். அதனால் "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, ஆனா கட்டு போட்டுட்டாங்க, காசு பிடுங்கறாங்க" என்று மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டு) காரர்களிடம் புகார் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எப்படி நடந்தது, யார் கூட இருந்தார்கள், எத்தனை மணிக்கு என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்போம். நடக்கத் தெரியாத குழந்தைக்கு இப்படி முறுக்கிய முறிவு இருந்தால், யாராவது அடித்திருப்பார்களோ என்று சந்தேகிக்க வேண்டியது எங்கள் கடமை. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமே சொல்கிறது. உங்களை அவமானப்படுத்த யாரும் கேட்பதில்லை. சறுக்குமரத்தில் மடியில் வைத்திருந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியம் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். தாத்தாவைக் காப்பாற்ற "தானாகவே விழுந்துட்டான்" என்று கதை கட்டினால்தான் சிக்கல்.

கட்டு போட்டபின் எல்லாரும் கேட்பது, "நாளைக்கு பீச்சுக்குப் போகலாமா?" போகலாம், குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாம். மாவுக்கட்டு நனையக் கூடாது, மணல் உள்ளே போகக் கூடாது. அரிக்கிறது என்று பின்னல் ஊசியை உள்ளே விடக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் கழற்றிவிடுவோம், அதற்குப்பின் கொஞ்ச நாள் நொண்டும், தானாகச் சரியாகும். கால் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, ஜில்லென்று இருந்தாலோ, மருந்து கொடுத்தும் அழுகை நிற்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் கொண்டுவாருங்கள்.