கையில் கட்டு, பையில் கிரைண்டர்

போன வாரம் கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். இடது கையில் மணிக்கட்டு வரை கட்டு, வலது கையில் துணிப்பை, பைக்குள் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். "அண்ணே, ஆர்மேச்சர் போயிருக்கும் போல, பாருங்க" என்றான். மோட்டாருக்குள் சுற்றும் காயிலைத்தான் சொல்கிறான். இப்படிக் கட்டோடு வந்ததில் இந்த வருஷம் இவன் மூன்றாவது ஆள்.

மெஷினை எடுத்துப் பார்த்தால் கார்டு, அதாவது டிஸ்க்கை மூடி நிற்கும் காப்புத் தகடு, இல்லை. மாட்டியிருந்தது மரம் அறுக்கும் பல் பிளேடு. 4 இஞ்ச் கிரைண்டர் டிஸ்க்கின் துளை 16 மி.மீ., இந்த பிளேடின் துளை 20. இடையில் உள்ள சந்துக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறான்! சுவிட்ச் ஆனிலேயே நிற்க ஒரு கேபிள் டை. இதைப் பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டினால் டேபிள் சா, அதாவது மேசைக்கு மேலே பிளேடு நீட்டி நிற்கும் மரம் அறுக்கும் மெஷின், ஆகிவிடுமாம். வீடியோவில் பார்த்தானாம்.

வேண்டிய சாமானை நாமே செய்துகொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். பழைய ஆசாரிகள் இழைப்புளிக்கு உடம்பு செதுக்கியதே தங்கள் கையால்தானே. ஆனால் கிரைண்டர் இதற்குப் பிறந்ததில்லை. தேய்க்கும் கல் தேய்ந்துகொண்டே போகும். பல் பிளேடு மரத்தைக் கவ்வும்.

எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கவனமா இருப்பேன் அண்ணே, லேசா பட்டாலே கையை இழுத்துக்க மாட்டேனா?" கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. கணக்குப் போடுவோம். கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. ஒரு நொடிக்கு 180க்கு மேல். பட்டது மூளைக்குத் தெரிந்து கை நகர நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் பிளேடு 36 முறை சுற்றிவிடும். 24 பல் பிளேடு என்றால் 800 பல்லுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். இழுப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? அதுவும் கை தானாகப் போய் மாட்டுவது குறைவு. அறுத்த சந்து மூடி மரம் பிளேடை இறுக்கும், பிளேடு மரத்தைத் தூக்கி உங்கள் பக்கம் எறியும், மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை அந்த வேகத்திலேயே பிளேடின் மேல் விழும். கவனமாக இருப்பவனுக்கும் இதுதான் நடக்கும். நல்ல டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்பது அந்தச் சந்து மூடாமல் இருக்கத்தான். அதை அழகுக்கு வைத்ததாக நினைத்துக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

கேபிள் டைக்கு வருகிறேன். நம் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? போன நேரத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள், வந்ததும் பிளேடு ஓடும். கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாத சுவிட்ச் விற்கிறார்கள், சென்னை பாரிமுனைக்குப் போனால் கேட்டு வாங்குங்கள்.

கையுறையும் வேண்டாம். நூலைப் பிளேடு பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

செய்யத்தான் வேண்டுமென்றால் முதலில் கைக்குப் பதிலாக மரத்தைத் தள்ள ஒரு தள்ளுகட்டை செய்யுங்கள். 12 மி.மீ. பிளைவுட் துண்டு, மரத்தின் பின்முனையைப் பிடிக்கக் குதிகால் மாதிரி ஒரு வெட்டு, கைப்பிடி. கைரம்பமே போதும், அரை மணி வேலை. பிளேடு தொட்டால் கட்டை போகட்டும். குறுக்கே அறுக்க ஸ்லெட், அதாவது மரத்தை வைத்து நகர்த்தும் பலகை, ஒன்று செய்யுங்கள், மூலைமட்டம் வைத்து 90 டிகிரி பார்த்துவிட்டு அப்புறம் திருகுங்கள். மெஷினை மட்டும் மெஷினாக வாங்குங்கள். கைக்காசு போதாதென்றால் செகண்ட் ஹேண்டில் கார்டோடு பாருங்கள்.

ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால் அதை ஐஸில் நேராகப் போடாதீர்கள், கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, கவருக்குள் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நேரே அங்கே ஓடுங்கள்.

தம்பியின் மெஷினுக்கு ஆர்மேச்சர் ஒன்றும் ஆகவில்லை, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டேன். பிளேடு என் கடை ஆணியில் தொங்குகிறது. கார்டைக் கொண்டுவந்தால்தான் மெஷின் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் எங்கே போட்டான் என்று தெரியவில்லையாம், தேடிக்கொண்டிருக்கிறான்.