அதிபரின் குற்றமும் கட்சியின் கண்ணும்

1998 டிசம்பரில் ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளின்டன் மீதான பதவிநீக்கத் தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் விவாதத்துக்கு வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜெரால்டு நாட்லர் எழுந்து ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒரு கட்சி பெருமளவில் ஆதரிக்க, மற்றொரு கட்சி பெருமளவில் எதிர்க்க, அப்படி ஒரு பதவிநீக்கம் ஒருபோதும் நடக்கக் கூடாது என்றார். எதிர்த்தரப்பில் தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் லிண்ட்சி கிரகாம் இருந்தார். அடுத்த மாதம் செனட் விசாரணையில் கிளின்டனுக்கு எதிராக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அதிபரைப் பதவியிலிருந்து இறக்கச் சட்டப்படியான குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, பதவியின் மாண்பைக் காப்பதே நோக்கம் என்பது அவருடைய வாதம்.

2019 டிசம்பரில் நாட்லர் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவின் தலைவர். அவருடைய குழு குடியரசுக் கட்சி அதிபர் டொனால்டு டிரம்ப்புக்கு எதிராகக் கொண்டுவந்த தீர்மானம் சபையில் 230க்கு 197 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. கிரகாம் அப்போது செனட்டர். டிரம்ப்பின் பக்கம் உறுதியாக நின்றார்.

இருவரையும் இரட்டை வேடக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அரசியலில் கணக்குப் போட்டு நடிப்பவர்கள் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் நடிப்பு மட்டுமே காரணம் என்றால், பதவியோ தேர்தலோ இல்லாத கோடிக்கணக்கான சாதாரண வாக்காளர்கள் ஏன் அதே கோட்டில் பிரிந்து நிற்கிறார்கள்? மனித மனம் சாட்சியங்களை எடைபோடும் விதத்திலும், பதவிநீக்க ஏற்பாடு அமைக்கப்பட்ட விதத்திலும் இதற்கான விடை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

முதலில் மனம். 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழக அணிகளிடையே ஓர் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முரட்டுத்தனமாக நடந்து முடிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்தப் போட்டியின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் குறித்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். படச்சுருள் ஒன்றுதான். 1954இல் வெளியான இந்த ஆய்வில் என்னை உறுத்துவது, அந்த மாணவர்களில் எவரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பது. கண்ணில் பட்டதைத்தான் எழுதினார்கள்.

1979இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சோதனை இன்னும் ஒரு படி உள்ளே போனது. மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்கள், எதிர்க்கும் 24 மாணவர்கள். இரு குழுவினருக்கும் அதே இரண்டு ஆய்வு அறிக்கைகள் கொடுக்கப்பட்டன. மரண தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்றது ஒன்று, குறைவதில்லை என்றது மற்றொன்று. கலவையான ஆதாரத்தைப் படித்தவர்கள் நடுவை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். நடந்ததோ தலைகீழ். தமக்குப் பிடித்த முடிவைச் சொன்ன ஆய்வை இரு தரப்பும் மேலோட்டமாக ஏற்றுக்கொண்டன. பிடிக்காததை மட்டும் வரிவரியாக ஆராய்ந்து, அதன் முறையில் ஓட்டைகளைக் கண்டுபிடித்தன. இறுதியில் தங்கள் பழைய நிலைப்பாடு இன்னும் உறுதிப்பட்டதாகச் சொன்னார்கள். உளவியலாளர் தாமஸ் கிலோவிச் இதைச் சுருக்கமாக விளக்கியிருக்கிறார்: பிடித்த செய்தி வந்தால் “இதை நம்பலாமா?” என்று கேட்கிறோம், பிடிக்காத செய்தி வந்தால் “இதை நம்பித்தான் ஆக வேண்டுமா?” என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஒரு சான்று போதும். இரண்டாவது கேள்வியிலிருந்து நழுவ ஒரு சந்தேகம் போதும்.

கட்சி என்ற அடையாளம் இதில் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை 2003இல் ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சமூகநலத் திட்டம் ஒன்றைத் தாராளமான வடிவிலும் கறாரான வடிவிலும் எழுதி, அதை எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்ற தகவலை மட்டும் மாற்றி மாற்றி மாணவர்களுக்குக் கொடுத்தார். தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று தெரிந்ததும், தங்கள் கொள்கைக்கு நேர் எதிரான திட்டத்தைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். காரணம் கேட்டபோது, திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தே முடிவெடுத்ததாகச் சொன்னார்கள். கட்சியின் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் எதிர்த்தரப்பினர்தான் என்று நம்பவும் செய்தார்கள்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அரசியல் தொடர்பான தகவல் கேள்விகளுக்குச் சரியான பதில் சொன்னால் சிறு தொகை தருவதாக அறிவித்தார்கள். அவ்வளவுதான், இரு கட்சிக்காரர்களின் பதில்களுக்கிடையே இருந்த இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிப்போனது. ஆக, கருத்துக்கணிப்பில் தெரியும் பிளவில் ஒரு பங்கு உண்மையான நம்பிக்கை அல்ல, தம் அணிக்குப் போடும் கோஷம். தவறு செய்தால் இழப்பு, சரியாகச் சொன்னால் லாபம் என்ற நிலை வந்தால் மக்கள் உண்மையை நோக்கி நகரக்கூடியவர்களே.

அப்படியென்றால் பதவிநீக்க விவாதத்தில் எது லாபம், எது இழப்பு? இங்கேதான் அரசமைப்பின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும்.

தேசத்துரோகம், லஞ்சம், “அல்லது வேறு பெருங்குற்றங்களும் தகாச் செயல்களும்” என்பதே அமெரிக்க அரசமைப்பு தரும் அளவுகோல். முதல் இரண்டும் தெளிவானவை. மூன்றாவது எதையும் உள்ளடக்கலாம். 1787 செப்டம்பர் 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கூடிய அரசமைப்பு மாநாட்டில் இந்தச் சொற்கள் பிறந்த கதை கவனிக்கத்தக்கது. தேசத்துரோகமும் லஞ்சமும் மட்டும் போதாது, சீர்கெட்ட நிர்வாகத்தையும் சேர்க்க வேண்டும் என்றார் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். அவ்வளவு தளர்வாக எழுதினால் செனட் விரும்பும் வரைதான் அதிபர் பதவியில் இருக்க முடியும் என்று ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார். மேசன் தன் சொல்லைக் கைவிட்டு இப்போதுள்ள தொடரை முன்வைத்தார். மாநாடு ஏற்றுக்கொண்டது. மேடிசன் அஞ்சிய தளர்வு முழுவதும் நீங்கிவிடவில்லை. இழுத்தால் நீளும் ரப்பர் அளவுகோலை அடுத்த தலைமுறைகளின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கிளின்டன் தன் அந்தரங்க உறவு பற்றிச் சத்தியப் பிரமாணத்தின் கீழ் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அது குற்றம்தான், ஆனால் அதிகார துஷ்பிரயோகம் அல்ல என்றார்கள் அவருடைய கட்சியினர். டிரம்ப் தன் அரசியல் போட்டியாளர் மீது விசாரணை தொடங்குமாறு உக்ரைன் அதிபருக்கு அழுத்தம் கொடுத்தார் என்பது 2019இன் குற்றச்சாட்டு. அது அதிகார துஷ்பிரயோகமாகவே இருந்தாலும் எந்தச் சட்டத்தின் கீழும் குற்றம் அல்ல என்றார்கள் அவருடைய தரப்பினர். இரண்டு வாதங்களும் தனித்தனியே கேட்டால் பொருளுள்ளவை. 1998இல் கட்சிகள் பயன்படுத்திய அளவுகோல்கள் 2019இல் இடம் மாறியிருந்தன என்பதை வைத்துத்தான் கட்சிச் சார்பை அடையாளம் காண முடிகிறது.

அடுத்தது எண்ணிக்கை. பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அது குற்றம் சாட்டுவது மட்டுமே. பதவி பறிபோக செனட்டில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். எல்லோரும் வந்திருந்தால் 67 பேர். 1967க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் செனட்டில் 67 இடங்கள் இருந்ததில்லை. ஆகவே அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள் கைவிட்டாலன்றி எந்த அதிபரையும் இறக்க முடியாது. முழு இயந்திரமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: தன் கட்சி அதிபரைக் கைவிடும் உறுப்பினருக்கு என்ன நேரும்?

2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்களால் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு, டிரம்ப் மீதான இரண்டாவது தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் பத்துக் குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். அந்தப் பத்துப் பேரில் நால்வர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. நால்வர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார்கள். கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவராக இருந்த லிஸ் செனி அவர்களில் ஒருவர். இருவர் மட்டும் சபைக்குத் திரும்பினார்கள். செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், அவர்களில் ஏழு பேர் குடியரசுக் கட்சியினர். பெரும்பான்மை இருந்தும் பத்து வாக்குகள் குறைந்தன. அந்த ஆண்டு செனட்டில் இருந்த நூறு பேரில், 2020 அதிபர் தேர்தலில் மாற்றுக் கட்சி வென்ற மாநிலத்திலிருந்து வந்தவர்கள் ஆறே பேர். மீதமுள்ளோருக்கு எதிர்க்கட்சி வாக்காளரின் கோபத்தைவிடச் சொந்தக் கட்சி வாக்காளரின் கோபமே ஆபத்தானது.

1974 இப்படி இருக்கவில்லை. குடியரசுக் கட்சி அதிபர் ரிச்சர்டு நிக்சன் மீதான முதல் தீர்மானம் ஜூலை 27 அன்று நீதித்துறைக் குழுவில் 27க்கு 11 என்று நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினர் ஆறு பேர் அதை ஆதரித்தார்கள். அந்தக் காலத்தில் கட்சிகள் இன்றுபோல் தனித்தனியாகச் சலித்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. தாராளவாதக் குடியரசுக் கட்சியினரும் பழமைவாதத் தென்மாநில ஜனநாயகக் கட்சியினரும் இருந்தார்கள். தயக்கத்தோடு இருந்த இருதரப்பு உறுப்பினர்கள் ஏழு பேர் கூடிப் பேசி, ஆதாரத்தை ஒன்றாகப் படித்தே தீர்மானத்தின் வாசகத்தை உருவாக்க உதவினார்கள்.

அப்போதும் நிக்சனுக்காக இறுதிவரை போராடியவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் சார்லஸ் விக்கின்ஸ் அவர்களில் கூர்மையானவர். அதிபர் நேரடியாகக் குற்றத்தில் ஈடுபட்டதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் 5 அன்று, 1972 ஜூன் 23ஆம் தேதிய ஒலிநாடாவின் எழுத்து வடிவம் வெளியானது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறல் பற்றிய வாட்டர்கேட் விசாரணையைத் தடுக்க உளவு அமைப்பான சிஐஏவைப் பயன்படுத்தலாம் என்பதற்கு நிக்சன் சம்மதிக்கும் உரையாடல் அதில் இருந்தது. விக்கின்ஸ் அன்றே நிலை மாறினார். எல்லாத் தீர்மானங்களையும் எதிர்த்து வாக்களித்திருந்த குழுவின் குடியரசுக் கட்சியினர் பத்துப் பேரும் இனி ஆதரிப்போம் என்று அறிவித்தார்கள். “இதை நம்பித்தான் ஆக வேண்டுமா?” என்ற கேள்விக்குத் தப்ப வழியில்லாத விடை கிடைத்துவிட்டது. நான்கு நாளில் நிக்சன் பதவி விலகினார். இருந்தும் அவருடைய கடைசி நாட்களின் கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவர் செயல்பாட்டை ஏற்றார்கள். தலைவர்கள் முதலில் நகர்ந்தார்கள். தொண்டர்கள் பின்னால் வந்தார்கள், அதுவும் பாதிதான்.

இரு தரப்புக்கும் சார்பு உண்டு என்பதால் இரு தரப்பும் சம அளவில் தவறு என்று ஆகிவிடாது. அந்த ஒலிநாடாவில் இருந்தது கருத்து அல்ல, நடந்த நிகழ்ச்சி. சார்பைப் பற்றிய ஆய்வுகளை மேற்கோள் காட்டி “எல்லாம் கட்சி அரசியல்” என்று கைகழுவுகிறவர்கள், அந்த ஆய்வுகள் சொல்லாததைச் சொல்கிறார்கள்.

ஏற்பாட்டை மாற்றினால் நடத்தை மாறுமா? தென் கொரியா இதற்கு அருமையான பாடம். அங்கும் 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் பதவிநீக்க வாக்கெடுப்பு ரகசியமானது. இறுதித் தீர்ப்பையும் அரசமைப்பு நீதிமன்றமே வழங்குகிறது. 2016இல் அதிபர் பார்க் குன் ஹே மீதான தீர்மானம் 234 வாக்குகள் பெற்றது. அவருடைய கட்சியினர் அறுபதுக்கும் மேற்பட்டோர் ஆதரித்திருந்தால்தான் அந்த எண் சாத்தியம். தெருவில் வாரந்தோறும் திரண்ட மெழுகுவத்திப் போராட்டங்களும், நாலைந்து சதவீதமாகச் சரிந்திருந்த ஆதரவும் அதற்குப் பெரும் காரணங்கள் என்பதால், ரகசிய வாக்கின் பங்கை அதில் பிரித்தறிவது கடினம்.

2024 டிசம்பர் அந்தப் பங்கைத் தெளிவாகக் காட்டுகிறது. டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். டிசம்பர் 7 அன்று முதல் வாக்கெடுப்பு. ஆளும் கட்சியினர் மூவர் தவிர அனைவரும் வாக்களிக்காமல் வெளியே இருந்தார்கள். அவைக்குள் நுழைந்தவர் யார் என்று கட்சி பார்த்துக்கொண்டிருந்தது. வாக்குச்சீட்டின் ரகசியம் வாசலிலேயே உடைந்துவிட்டது. 200 பேர் தேவைப்பட, மொத்தம் 195 பேர் மட்டுமே வாக்களித்ததால் சீட்டுகள் எண்ணப்படவே இல்லை. ஒரு வாரம் கழித்து, எதிர்ப்பதே கட்சியின் முடிவு என்று அறிவித்தும் உறுப்பினர்களை அவைக்குள் செல்லக் கட்சி அனுமதித்தது. 300 பேரும் வாக்களித்தார்கள். ஆதரவு 204, எதிர்ப்பு 85, நடுநிலை மூன்று, செல்லாதவை எட்டு. ஆளும் கட்சிக்கு இருந்த இடங்கள் 108; எதிர்க்கட்சித் தரப்புக்கு 192. ஆகவே குறைந்தது பன்னிருவர் கட்சியின் முடிவை மீறியிருக்கிறார்கள். தீர்மானத்தை ஆதரிப்போம் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னவர்கள் ஏழு பேர்தான். 2025 ஏப்ரல் 4 அன்று நீதிமன்றம் ஒருமனதாக யூனைப் பதவியிலிருந்து நீக்கியது.

அமெரிக்க செனட்டிலும் ரகசிய வாக்கு வேண்டும் என்று அவ்வப்போது சிலர் எழுதுகிறார்கள். வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டாலே, யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவாக வேண்டும் என்கிறது அங்குள்ள அரசமைப்பு. அதாவது இருபது செனட்டர்கள் போதும், ரகசியத்தைத் தடுத்துவிடலாம். தன் பிரதிநிதி அதிபரைத் தண்டித்தாரா விடுவித்தாரா என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்ற வாதத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் 2022இல் தோற்ற அந்த நால்வரையும் 2024 டிசம்பர் 14 அன்று பெயர் தெரியாமல் வாக்களித்த குறைந்தது ஐவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, என் மனம் சியோலின் ஏற்பாட்டின் பக்கமே சாய்கிறது.