இழுத்துப் பொருத்தும் சொல் விளையாட்டில் சரியான விடை தவறாவது ஏன்?

படத்தோடு சொல்லைப் பொருத்தும் விளையாட்டில் குழந்தை தோற்றால், அதற்குச் சொல் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் சொல் தெரிந்திருக்கும். தப்பு, இணையப் பக்கமாக அந்த விளையாட்டை நாம் உருவாக்கிய விதத்தில்தான் இருக்கும்.

முதலில், கட்டங்களில் வைத்துச் சொல்லை அமைக்கும் எழுத்து அட்டைகளைப் பாருங்கள். 'கொக்கு' என்பதில் குழந்தைக்கு மூன்று எழுத்து: கொ, க், கு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் அது ஆறு குறியீடு. நிரலில் அப்படியே உடைத்தால் புள்ளி தனி அட்டையாகவும் உகரக் குறி தனி அட்டையாகவும் விழும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் உள்ள 'Intl.Segmenter' என்ற கருவியைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. விடையைச் சரிபார்க்கும் முன் இரண்டு பக்கமும் நார்மலைஸ் செய்துவிடுங்கள், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

'பாப்பா'வில் இரண்டு 'பா' வருகிறது. ஒவ்வோர் அட்டைக்கும் தனி எண் கொடுத்து அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டால், இரண்டாவது 'பா'வை முதல் கட்டத்தில் வைத்த குழந்தைக்குத் தவறு என்று வரும். எழுத்தைத்தான் ஒப்பிட வேண்டும், எண்ணை அல்ல.

அடுத்தது விரல். இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் உள்ள இழுவை வசதி மவுஸுக்காக உருவானது. தொடுதிரையில் அதை நம்ப முடியாது. மவுஸ், விரல் இரண்டையும் ஒரே மாதிரி கையாளும் பாயின்டர் ஈவென்ட்களே நல்லது. அட்டைக்கு மட்டும் 'டச் ஆக்ஷன் நன்' (touch-action: none) என்ற சிஎஸ்எஸ் அமைப்பைக் கொடுங்கள்; தொட்டு இழுத்தால் பக்கம் நகராமல் அது தடுக்கும். கொடுக்காவிட்டால் அட்டையை இழுக்கும்போது பக்கம் நகரும், அட்டை பாதியில் நின்றுவிடும். முழுப் பக்கத்துக்கும் கொடுத்தால் குழந்தையால் கீழே போகவே முடியாது. அட்டை கட்டத்தில் விழுந்ததா என்பதை விரல் நுனியை வைத்துப் பார்க்காமல் அட்டையின் நடுப்புள்ளியை வைத்துப் பாருங்கள். கட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். இழுக்க வராத குழந்தைக்கு, அட்டையைத் தொட்டுப் பிறகு கட்டத்தைத் தொடும் வழி கட்டாயம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த 2023-இல் வந்த அணுகல் நெறிமுறை டபிள்யூசிஏஜி 2.2-உம் இழுக்காமல் முடிக்கும் வழியைக் கேட்கிறது.

ஒரு திரைக்கு நான்கைந்து படம் போதும். சொல் அட்டை ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கட்டும். எண்ணிக்கை சமமாக இருந்தால் கடைசிச் சொல் யோசிக்காமலே பொருந்திவிடும். மலை–மழை, வால்–வாள், பல்லி–பள்ளி போன்ற இணைகள் லகர, ழகர, ளகர வேறுபாட்டைப் பழக்க அருமையானவை. ஆனால் இரண்டு சொல்லும் தனித்தனியே பழகிய பிறகுதான் ஒரே திரையில் வர வேண்டும். முதல் பாடத்திலேயே வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். படத்தையும் சோதியுங்கள்: சொற்களை மறைத்துவிட்டு வேறொருவரிடம் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். காய்த்த மாமரத்தைப் பார்த்து ஒருவர் 'மரம்' என்பார், இன்னொருவர் 'மாங்காய்' என்பார். அந்தப் படம் வேண்டாம்.

அட்டையைத் தொட்டதும் ஒலி வந்தால் அது கேட்டல் பயிற்சி. வாசிப்புப் பயிற்சி என்றால், பொருத்திய பிறகே ஒலிக்கட்டும். தவறினால் அட்டை மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பினால் போதும். வேடிக்கையான சத்தம் வைத்தால் அதைக் கேட்கவே வேண்டுமென்று தவறாக வைப்பார்கள். 'பட்டாம்பூச்சி' போன்ற நீளமான சொல் அட்டைக்குள் அடங்காவிட்டால் எழுத்தைச் சுருக்காதீர்கள், அட்டையை அகலமாக்குங்கள்.