வென்படம்: சொல்லும் கணக்கும்

வென்படம் என்பது ஆள்பெயரிலிருந்து வந்த சொல். கேம்பிரிட்ஜில் தருக்கவியல் கற்பித்த ஜான் வென் (1834–1923), ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களைக் கொண்டு கூற்றுகளைச் சரிபார்க்கும் முறையை 1880இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. வட்டம் போடும் பழக்கத்தை அதற்கு முன்பே பரப்பியவர் கணித அறிஞர் ஆய்லர். 'வென்' என்ற அடைமொழி 1918இல் சி. ஐ. லூயிஸின் தருக்க நூலில் அச்சேறியது. ஆகவே றன்னகரம்தான் சரி. 'வெண்படம்' என்று டண்ணகரம் இட்டால் வெண்மையான படம் என்று பொருள் மாறிவிடும். ஆனாலும் அப்படி எழுதுவோர் ஏராளம்.

ஆய்லர், பொது உறுப்பு இல்லாத வட்டங்களைத் தனித்தனியே வரைவார். வென்னோ எல்லாப் பகுதிகளையும் முதலில் வரைந்துவிட்டு, காலியானதைப் பிறகு குறிப்பார். எண்ணிக்கைக் கணக்குக்கு இதுவே ஏற்றது: மூன்று வட்டம் என்றால் உள்ளே 7, வெளியே 1, ஆக 8 பகுதிகள், ஆளில்லாத பகுதியில் 0.

ஆள்பெயரைத் தமிழாக்கத் தேவையில்லை. உள்ளிருக்கும் சொற்களுக்கு நல்ல தமிழ் உண்டு: கணம் (தொகுப்பு), உறுப்பு (அதில் உள்ள ஒன்று), சேர்ப்பு (எல்லாம் சேர்ந்தது), வெட்டு (பொதுவானது), நிரப்பி (கணத்துக்கு வெளியே இருப்பது), அனைத்துக் கணம் (எல்லாம் அடங்கியது). இலங்கையில் கணத்தைத் 'தொடை' என்பார்கள். தொடுத்தது என்ற பொருள் தொனிக்கும் அழகான சொல்.

இனி கணக்கு. கிண்டியில் ஓர் அலுவலகம், 100 ஊழியர்கள். மாநகரப் பேருந்தில் வருவோர் 54, மின்சார ரயிலில் 45, மெட்ரோவில் 38. பேருந்தும் ரயிலும் 20, ரயிலும் மெட்ரோவும் 15, பேருந்தும் மெட்ரோவும் 16, மூன்றும் 6. எதிலும் வராதவர் எத்தனை பேர்?

நடுவிலிருந்து தொடங்குங்கள். மூன்றும் வெட்டும் இடத்தில் 6. அடுத்து இரட்டை வெட்டுகளில் 20−6=14, 15−6=9, 16−6=10. பிறகுதான் ஓரம்: பேருந்து மட்டும் 54−14−10−6=24, ரயில் மட்டும் 45−14−9−6=16, மெட்ரோ மட்டும் 38−9−10−6=13. ஏழு பகுதிகளையும் கூட்டினால் 92. வட்டங்களுக்கு வெளியே 8.

சூத்திரத்தால் சரிபார்க்கலாம்: 54+45+38=137; 20+15+16=51; 137−51=86; 86+6=92. கடைசியில் 6ஐக் கூட்டுவது ஏன்? மூன்றிலும் வருபவர் முதல் கூட்டலில் மூன்று முறை எண்ணப்படுகிறார், கழித்தலில் மூன்று முறையும் நீக்கப்படுகிறார். கணக்கில் இல்லாமலே போனவரைத் திரும்பச் சேர்க்கிறோம்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இரட்டை வெட்டு. 'பேருந்தும் ரயிலும் 20' என்றால் அந்த 20இல் மெட்ரோவிலும் வருகிற 6 பேரும் அடக்கம். 20, 15, 16 ஆகியவற்றை அப்படியே எழுதினால் 'மட்டும்' பகுதிகள் 12, 4, 1 ஆகும். மொத்தம் 74, வெளியே 26. குறை எண் எதுவும் எட்டிப்பார்க்காது. நான்கு விடைகளில் ஒன்றாக 26ஐயும் வைத்திருந்தால் டிஎன்பிஎஸ்சி தேர்வெழுதுபவர் நிம்மதியாக அதையே குறித்துவிடுவார். எனவே வினாவில் 'மட்டும்' இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'பேருந்து, ரயில் ஆகிய இரண்டில் மட்டும் 14' என்று கொடுத்திருந்தால் 14ஐ நேரே எழுதலாம், கழிக்கக் கூடாது.

இன்னொரு பொறி 'அல்லது'. 'காபி அல்லது டீ' என்றால் பேச்சில் ஏதோ ஒன்று. கணத்தில் 'அல்லது' என்பது சேர்ப்பு, இரண்டும் உள்ளவரும் அதில் உண்டு. அதேபோல் 'சரியாக இரண்டு' 14+9+10=33; 'குறைந்தது இரண்டு' அதனுடன் 6 சேர்ந்து 39.

நான்கு பிரிவுகள் வந்தால் வட்டத்தை விட்டுவிடுங்கள். தேவை 16 பகுதிகள். நான்கு வட்டங்களை எப்படி வரைந்தாலும் 14க்கு மேல் கிடைக்காது. வென்னே அங்கு நீள்வட்டங்களுக்கு மாறினார். தேர்வு அறையில் நீள்வட்டம் போடுவது சிரமம். உண்டு, இல்லை என்று 16 வரிசைகள் உள்ள அட்டவணை போட்டு, நான்கும் உள்ள வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள்.