மழைக்கு முன் காடிக்கு எந்த மெழுகு?

சுங்கை சிப்புட்டில் காடி கழுவி மெருகேற்றும் பட்டறை நடத்துகிறேன். அக்டோபர் பிறந்தால் வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, மழை வரப்போகுது, எந்த வேக்ஸ் போடலாம்?" போன வாரம் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், குளிர்காலப் பாதுகாப்பு என்று அச்சிட்ட டப்பாவையே கையோடு கொண்டுவந்துவிட்டார்.

குளிர்நாடுகளில் அப்படி விற்பதற்குக் காரணம் உப்பு. சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள், அது காடியில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு உப்பும் இல்லை, பனியும் இல்லை. மதிய வெயிலில் கொதிக்கும் பானெட், மாலையில் கொட்டும் மழை, மறுநாள் வெயிலில் காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை விடும் துளிகள், செம்பனை லோரி போகும் பாதையின் செம்மண் சேறு. நம் காடியைக் கெடுப்பவை இவைதான்.

ஐயாவின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பொடி எழுத்தில், 'கீறல் நீக்கும், மங்கலைப் போக்கும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இப்படி எழுதியிருந்தால் பெரும்பாலும் அதில் தேய்க்கும் துகள் கலந்திருக்கும். சாயத்துக்கு மேல் இருக்கும், கண்ணாடி போல நிறமற்ற காப்புப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது, பல காடிகளில் 50 மைக்ரான்கூட இராது. மாதாமாதம் இதைப் போட்டுத் தேய்த்தால், பாதுகாக்க வேண்டிய பூச்சையே சிறிது சிறிதாகத் தேய்த்து எடுக்கிறோம். தயவுசெய்து வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? தினமும் தோட்டத்துக்குப் போய்வரும் காடிக்கு நான் சொல்வது செயற்கை சீலண்ட், அதாவது மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைக் காப்புப் பூச்சு. ஒழுங்காகப் போட்டால் சில மாதம் தாங்கும். கார்னவ்பா பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. கறுப்புக் காடியில் அதன் ஆழமான பளபளப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதம் நின்றாலே பெரிது. வெயிலில் உருகி ஓடிவிடும் என்பார்கள், அது சரியல்ல. அது உருக 80 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பில் காடியைக் கழுவுவதுதான் மெழுகைச் சீக்கிரம் கரைக்கும்.

எதைப் போட்டாலும் முதலில் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். கழுவித் துடைத்ததும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஐயாவின் சாகா காடியில் பானெட் வழவழவென்று இருந்தது, கதவின் கீழ்ப்பகுதி மட்டும் மணல்தாள் போல நெருடியது. அங்கே ஒட்டியிருந்த அழுக்கை, காடிக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (clay bar) எடுத்துவிட்டு, நிழலில் நிறுத்தி, மெல்லிசாக ஒரே பூச்சு போட்டோம். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

அப்புறம், பறவை எச்சம். மெழுகு இருக்கிறதே என்று அதை வெயிலில் விட்டுவைக்காதீர்கள். மெழுகு கொஞ்ச நேரம்தான் வாங்கித் தரும். ஈரத்துணியை அதன்மேல் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஐயாவின் காடியில் ஒரு துணியும் தண்ணீர் போத்தலும் வைத்து அனுப்பினேன்.